சோடியாக வன்னிக் கரையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கிளிநொச்சியில். நானும் இவரும் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு வன்னியின் இரண்டு கரைகளையும் பஸ்ஸிலும் நடையிலுமாக இரண்டு தடவை சுற்றியிருக்கிறோம். கடைசியாகப் போனது 2025 ஆடியில். அன்றிலிருந்து தங்கைமார், வேலையிடத்துப் பிள்ளைகள், கனடாவில் இருக்கும் மச்சாள் என்று எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே எழுதிவிட்டேன்.

வன்னி எண்டா காடும் குளமும்தானே. அங்கை எங்காலை கடல்?

கடல் இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும். கிழக்குக் கரை தெற்கே கொக்கிளாயில் தொடங்கும். நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை, முல்லைத்தீவு நகர், வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை என்று சுண்டிக்குளம் வரை நீளும். மேற்குக் கரை பூநகரியிலிருந்து கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா, தேவன்பிட்டி, விடத்தல்தீவு வழியாக மன்னாருக்குப் போகும். கிழக்கில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், மேற்கில் கடலுக்குள் இறங்கும். விடியலை முல்லைத்தீவில் பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ் பிடித்தால் பொழுது படுவதைப் பூநகரியில் பார்க்கலாம். நாங்கள் அப்படிச் செய்தோம், ஆனால் முதுகு நொந்துபோனது.

மன்னார்த் தீவையும் வன்னிக்குள் சேர்த்ததற்கு மன்னார்க்காரர் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். தேர்தல் கணக்கில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான் வன்னி மாவட்டம். ஊரெல்லாம் வன்னி என்று சொல்லும் எங்கள் கிளிநொச்சியை யாழ்ப்பாண மாவட்டத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தால் வெளியில் நிற்பது நான்தான்.

எந்த மாதம் போறது நல்லது?

இந்தக் கரையில் மீன்பிடிப்பவர்களிடம் கேட்டால் மாதத்தைச் சொல்லமாட்டார்கள், காற்றைச் சொல்வார்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். அது தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வருவதால் முல்லைத்தீவுப் பக்கம் கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். அதே காற்று மன்னார்ப் பக்கம் கடலிலிருந்து நேராக வந்து முகத்தில் மண்ணை அள்ளி எறியும். ஐப்பசியில் காற்றுத் திரும்பி வாடை தொடங்கும். கார்த்திகையும் மார்கழியும் மழை. களப்புகள் (கரையோர உப்புநீர் ஏரிகள்) நிறைந்து, வாயை அடைத்திருந்த மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். நாயாற்றிலோ சாலை என்ற ஊரிலோ கரையோரமாக நடந்து வந்தால் அந்த இடத்தோடு நடை முடிந்துவிடும்.

இரண்டு கரையும் பார்க்க வேண்டுமென்றால் மாசியும் பங்குனியும். மழை விட்டிருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், மன்னார்ப் பக்கம் பூநாரைகளும் இன்னும் போயிருக்காது. கிழக்குக் கரை மட்டும் போதுமென்றால் ஆனியிலிருந்து ஆவணி வரை போகலாம். சித்திரையில் போகாதீர்கள். அது எங்களுக்கே தாங்காத வெயில்.

இரண்டு திருவிழாக்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். கடலில் எடுத்துவந்த உப்புத் தண்ணீரில் அங்கே விளக்கு எரிப்பார்கள். அன்றிரவு வன்னி முழுக்க அந்தக் கோயிலில்தான் நிற்கும், முல்லைத்தீவில் அறை கிடைக்காது. ஆனாலும் போங்கள், நித்திரை முழித்தாலும் பரவாயில்லை. மற்றது ஆவணி (ஆகஸ்ட்) 15, மடு மாதா திருவிழா. மன்னார்ப் பக்கம் அறை தேடாதீர்கள்.

கார் இல்லாமல் வந்து சேரலாமோ?

தாராளமாக. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை போகும் ரயிலில் மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ இறங்கலாம். எல்லா ரயிலும் மாங்குளத்தில் நிற்காது, கேட்டு ஏறுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்கு ஏ34 வீதி, ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வடக்கிலிருந்து வருபவர்களுக்குப் பரந்தனில் திரும்பும் ஏ35. அது விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று வரும். மன்னாருக்குக் கொழும்பிலிருந்து நேரே தலைமன்னார் ரயில் இருக்கிறது. போரில் அழிந்த அந்தப் பாதையை 2015 இல்தான் மறுபடி திறந்தார்கள்.

ஏ9 இல் பஸ்ஸில் வந்தால் முறிகண்டியில் நிறுத்துவார்கள். இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு பை கச்சான் வாங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்காகச் சொல்கிறேன், கச்சான் என்றால் இங்கே நிலக்கடலை. மேல்காற்றுக்கும் அதே பெயர்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘கச்சான் எப்ப தொடங்கும்’ என்று கடைக்காரரிடம் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

பெரிய வீதிகளில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. கொக்கிளாய், சுண்டிக்குளம், கிராஞ்சி போன்ற ஒதுக்குப்புறங்களுக்குத்தான் பஸ் அரிது. இறங்கும்போதே கொண்டக்டரிடம் ‘திரும்பிப் போற கடைசி பஸ் எத்தனை மணிக்கு’ என்று கேட்டு வையுங்கள்.

ரெண்டு பேருக்கும் எவ்வளவு காசு முடியும்?

எங்களுக்கு எட்டு நாள், ஏழு இரவுக்கு 65,000 ரூபா முடிந்தது. ஆறு இரவு அறைக்கு 27,000. ஏழாவது இரவு இவருடைய பெரியம்மா வீட்டில், அது கணக்கில் இல்லை. சாப்பாடு, தேத்தண்ணி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்து 22,000. பஸ்ஸும் ரயிலும் 5,500. ஓட்டோவுக்கு மட்டும் 7,000. மிச்சம் 3,500 உண்டியல், கருவாடு, அறுந்த செருப்புக்குப் பதிலாக வாங்கிய புதுச் செருப்பு.

இந்தக் கணக்கில் வலிப்பது ஓட்டோக் காசுதான். பஸ்ஸில் இரண்டு பேரும் எட்டு நாள் சுற்றியதைவிட அது கூட. முதல் இரண்டு நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஏறினோம். பிறகு புத்தி வந்தது. இரண்டு பேரின் காசையும் ஒரே பேர்ஸில் போட்டு, ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என்று வைத்துக்கொண்டோம். ‘நீதான் சோடா குடிச்சனி’ என்ற வழக்கு அத்தோடு நின்றது.

கைக்காசு வைத்திருங்கள். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, கிளிநொச்சி, மன்னார் நகரங்களில் ஏடிஎம் உண்டு. கடற்கரைக் கிராமத்துக் கடையில் 5,000 ரூபாத் தாளை நீட்டினால் மாற்றிய காசு இராது.

தங்கிறதுக்கு பீச் ரிசோட் மாதிரி ஏதும் இருக்கோ?

அந்த எண்ணத்தோடு வந்தால் ஏமாந்துபோவீர்கள். முல்லைத்தீவு நகரிலும் புதுக்குடியிருப்பிலும் சிறிய விடுதிகள் இருக்கின்றன, கிளிநொச்சியிலும் மன்னாரிலும் இன்னும் கூட. காற்றாடி அறை போதும் என்றால் விலை இறங்கும், ஏசி கேட்டால் எகிறும். கடல் பக்கத்து இரவுக்கு ஏசி தேவையில்லை, நுளம்பு வலைதான் தேவை.

முதல் தடவை ஒவ்வொரு நாளும் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினோம். இரண்டாம் தடவை முல்லைத்தீவில் மூன்று இரவு ஒரே அறையில் தங்கி, பெரிய பையை அங்கேயே விட்டு, காலையில் தண்ணீரும் துவாயும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்வந்தோம். மூன்று இரவு என்றதும் விடுதிக்காரர் வாடகையையும் குறைத்தார். முதுகில் சுமந்தால்தான் பயணம் என்று நினைப்பவர்கள் சிரிக்கட்டும்.

பையிலை என்னென்ன வைக்கிறது?

ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு மாற்று உடுப்பு, ஒரு சாரம், ஒரு துவாய், தொப்பி, டோர்ச், நுளம்புத்திரி, பனடோல், தண்ணீரில் கரைத்துக் குடிக்க நான்கைந்து பக்கற் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்). சாரம் ஆணுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். விரிக்க, போர்க்க, வெயிலுக்கு முக்காடு போட, உடுப்பு மாற்ற மறைப்புக்கு எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் பாவித்தேன். குடை கட்டாயம். சோளகக் காற்றில் இரண்டு கம்பி முறியும், அதற்காக விட்டுவிட்டு வராதீர்கள்.

நாங்கள் ரெண்டு பேரும் மச்சம் சாப்பிடுறேல்லை. பட்டினி கிடக்க வேணுமோ?

இல்லை. காலையில் எந்தச் சந்தியிலும் இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது புட்டு கிடைக்கும். மத்தியானம் மரக்கறிச் சோறு என்று கேளுங்கள், மீன்சோற்றைவிட மலிவு. ஆனால் கரையோரக் கடைகளில் மீன்குழம்புக் கரண்டி எல்லாச் சட்டிக்குள்ளும் போய்வரும். அதைத் தாங்கமாட்டீர்கள் என்றால் சைவக் கடை உள்ள நகரத்திலேயே சாப்பிட்டு, வழிக்கு வாழைப்பழமும் பணிசும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மச்சம் சாப்பிடுபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, மணமே கூட்டிக்கொண்டு போகும். ஒடியல் கூழ் எங்காவது காய்ச்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மட்டும் அன்றைய திட்டத்தை மாற்றுங்கள்.

கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?

குளிக்கலாம், குடிக்க வேண்டாம். கரையோரக் கிணறுகள் பல உவர். ஊர்க்காரரே குடிதண்ணீரை வாங்கித்தான் குடிக்கிறார்கள். கடைகளில் பெரிய கலனிலிருந்து போத்தலுக்கு நிரப்பித் தருவார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு தரமும் புதுப் போத்தல் வாங்கும் காசு மிச்சம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம்?

மணலில் எட்டு கிலோமீற்றர் நடப்பது தார்வீதியில் பதினைந்து நடந்த மாதிரி. நாங்கள் ஐந்தரைக்கு வெளிக்கிட்டு ஒன்பதுக்கு முடித்துவிடுவோம். பத்து மணிக்குப் பிறகு காய்ந்த மணல் செருப்பைத் தாண்டிச் சுடும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் நடந்தால் கால் புதையாது. இங்கே வற்றும் பெருக்கும் சிறியதுதான், நடந்துகொண்டிருக்கும்போதே கரை காணாமல் போகும் என்ற பயம் வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது அளம்பிலிலிருந்து வடக்கே சிலாவத்தைப் பக்கம் நடக்கும் துண்டு. பஸ்ஸில் போய் இறங்கி முல்லைத்தீவை நோக்கி நடக்க வேண்டும். களைத்தால் உள்ளே திரும்பி வீதிக்கு வந்து அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். நாயாற்றுப் பாலத்துக்குத் தெற்கே வெளி அதிகம், நிழலும் கடையும் குறைவு. அங்கே முழு நாள் நடைக்குப் போகும் முன் ஒரு தரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கடலிலை குளிக்கலாமோ? எனக்கு நீந்தத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

நீந்தத் தெரிந்தவரைத்தான் நான் முதலில் எச்சரிப்பேன். முல்லைத்தீவுக் கடல் திறந்த கடல், ஆழம் சட்டென்று கூடும். அலை கரைக்குத் தள்ளிய தண்ணீர் எங்காவது ஓர் இடத்தால் திரும்பிப் போகவேண்டும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இழுவை அங்கேதான். அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையை விட்டு விலகி, பிறகு அலையோடு உள்ளே வரவேண்டும்.

நீந்தத் தெரியாதவர் முழங்காலோடு நிற்கட்டும், தெரிந்தவர் இடுப்போடு நிற்கட்டும். எந்த இடம் நல்லது என்று வலை பொத்தும் ஐயாமாரைக் கேளுங்கள். எங்களுக்கு ஒருவர் கையைக் காட்டி ‘அதிலை வேண்டாம் பிள்ளை, இதிலை இறங்கு’ என்றார். இரண்டு இடத்துக்கும் நடுவில் அறுபது அடிகூட இராது. களப்பு கடலில் சேரும் வாய்களில் எந்தக் காலத்திலும் இறங்கவேண்டாம். வாடைக் காலத்தில் கடலிலேயே இறங்கவேண்டாம்.

என்ன உடுப்போடை இறங்கிறது?

ஊர்ப்பெண்கள் போட்டிருக்கும் சட்டையோடோ சுடிதாரோடோதான் இறங்குவார்கள். நான் நீளக் காற்சட்டையும் கறுப்பு ரீசேட்டும் போட்டேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் சாரத்தோடு இறங்கி, அலையில் அதைப் பறிகொடுத்து, தண்ணீருக்குள்ளேயே பத்து நிமிடம் நின்றார். ஆண்கள் அரைக் காற்சட்டை போடுங்கள்.

கைகோர்த்து நடப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அதற்கு மேல் வேண்டாம். கரையிலுள்ள மீனவர் கொட்டில்களான வாடிகளில் குடும்பங்கள் இருக்கின்றன. அது அவர்களுக்கு வீட்டு முற்றம்.

கழிப்பறைக்கு என்ன செய்யிறது? இதை ஒருத்தரும் எழுதுறேல்லை.

உண்மை, இதை ஆண்கள் எழுதமாட்டார்கள். பஸ் நிலையத்துக் கழிப்பறை கடைசித் தெரிவு. சாப்பிட்ட கடையில் கேட்கலாம். கோயில், தேவாலய வளவுகளில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கிராமத்தில் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு அம்மாவிடம் ‘அம்மா, ஒருக்கா பாத்ரூம் போகலாமோ’ என்று கேட்டபோது ஒருவரும் எனக்கு இல்லை என்று சொன்னதில்லை. வெளியே வரும்போது தேத்தண்ணியும் வைத்திருந்தார்கள். அதைக் குடித்தால் அடுத்த வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டிவரும், அது வேறு கதை. மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதை நகரத்திலேயே வாங்கி வையுங்கள்.

பற்றை மறைவுக்கு மட்டும் போகவேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

மிதிவெடி இன்னும் இருக்கோ?

இருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 இல் சேர்ந்தது. அகற்றும் வேலை அதற்கு முன்பே தொடங்கி இன்றும் நடக்கிறது. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலைப் பக்கம் போனால் சிவப்புப் பலகைகளைப் பார்க்கலாம். மக்கள் குடியிருக்கும் இடங்களும் வீதிகளும் தொழில் நடக்கும் கரைகளும் துப்புரவாக்கப்பட்டவை, அங்கே பயந்து பயந்து நடக்க வேண்டியதில்லை.

நாங்கள் சிறுவயதிலிருந்து கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். ஆட்கள் நடந்த தடத்தைவிட்டு இறங்குவதில்லை. மண்டையோடு போட்ட பலகை, சிவப்பு வெள்ளைக் கோல், கட்டிய நாடா கண்டால் வந்த வழியே திரும்புவோம். பழைய பங்கருக்குள்ளும் இடிந்த வீட்டுக்குள்ளும் படமெடுக்கப் போவதில்லை. மழை வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய பொருட்களை மேலே கொண்டுவரும். துருப்பிடித்த இரும்பு எதையும் கையாலோ தடியாலோ தொடாமல், இடத்தை நினைவில் வைத்து பொலிஸ் 119 க்கு அழையுங்கள்.

பாம்பு, யானை?

யானை காட்டு வீதிகளில் உண்டு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்க வீதிகளில் இருட்டியபின் மோட்டார்சைக்கிளில் போகவேண்டாம். பாம்புக்கு டோர்ச்சும் சப்பாத்தும் போதும். எதுவும் நடந்தால் 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது.

கரையிலை கூடாரம் அடிச்சுப் படுக்கலாமோ? அறைக் காசு மிச்சம்தானே.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. வெறுங்கரை என்று நீங்கள் நினைக்கும் இடம் யாரோ ஒருவருடைய கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்று வலை இழுக்க அவருக்கு உரிய இடம். விடியற்காலை நாலு மணிக்கு அதில் வலை வளைப்பார்கள். இரவில் கடற்படையோ பொலிஸோ டோர்ச் அடித்து விசாரித்தால் ‘மாமா வீட்டுக்கு வந்தனாங்கள்’ என்று சொல்ல ஒரு மாமா வேண்டும். அதனால் யாரையும் தெரியாத ஊரில் வேண்டாம்.

தெரிந்தவர் இருந்தால் அவர் மூலம் கடற்றொழிலாளர் சங்கத்திலோ கிராம சேவையாளரிடமோ சொல்லிவிட்டு, ஒரு வாடிக்குப் பக்கத்தில் அடியுங்கள். நாங்கள் அப்படி ஒரு பின்னேரம் அடித்தோம். இரவு எட்டு மணிக்கு வாடியிலிருந்த அம்மா வந்து, ‘இந்தச் சீலைக்குள்ளை பொம்பிளைப் பிள்ளை படுக்கிறதோ’ என்று என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் கிடுகுக் கொட்டிலில் படுக்கவைத்தார். இவர் தனியே கூடாரத்தில். சோடியாகப் போன பயணத்தில் தனித்தனியாகப் படுத்தது அந்த ஒரு இரவுதான்.

மேற்குக் கரையிலை பாக்க என்ன இருக்கு?

குளிக்கும் கரை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூநகரியிலிருந்து விடத்தல்தீவு வரை பெரும்பகுதி ஆழம் குறைந்த சேற்றுக் கடல், கண்டல் காடு, கடற்புல். ஏ32 வீதி கரையைவிட்டு உள்ளே தள்ளிப் போவதால் ஒவ்வொரு கிராமத்துக்கும் கிளைப்பாதையில் இறங்கவேண்டும். நண்டும் கடலட்டையும்தான் அங்கே பேச்சு. கிராஞ்சிப் பக்கம் கடலுக்குள் வேலியடைத்தது போலத் தெரிவது அட்டைப் பண்ணைகள். அவற்றால் ஊருக்குள் பிரச்சினையும் உண்டு, பொதுவில் கருத்துச் சொல்லாதீர்கள். எதிரே தெரியும் இரணைதீவுக்கு, அங்கிருந்து இடம்பெயர்ந்திருந்த மக்கள் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018 சித்திரையில் தாங்களாகவே படகேறிப் போய்க் குடியேறினார்கள். அழைத்துப்போக அங்கே ஒருவர் இல்லாமல் வேடிக்கை பார்க்கப் போகவேண்டாம்.

மன்னாரில் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம் (பாவோபாப்), வீதியை மறித்து நிற்கும் கழுதைகள், பெருநிலப் பக்கம் திருக்கேதீஸ்வரம், தலைமன்னாரின் பழைய இறங்குதுறை. இராமேசுவரத்துக் கப்பல் 1980களின் நடுப்பகுதிக்கு முன்வரை அங்கேதான் வந்து நின்றது. எங்கள் அம்மம்மா அதில் போன கதையைச் சொல்லக் கேட்டு வளர்ந்ததால் நான் அந்த மரத்தூண்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இவருக்குக் கழுதைதான் பிடித்தது.

மீன்பிடிக்கிற இடத்திலை மலிவா மீன் வாங்கலாம் எண்டு சொல்லினம். உண்மையோ?

பாதி உண்மை. கரைவலை இழுத்து மடி கரைக்கு வந்ததும் அந்த மீன் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் இழுத்த தொழிலாளருக்கும் ஏலம் எடுக்க நிற்கும் வியாபாரிக்கும் உரியது. நடுவில் புகுந்து ‘அண்ணை, ஒரு நூறு ரூபாக்கு’ என்று நிற்காதீர்கள். எல்லாம் முடிந்தபின் கேட்டால் சூடையோ கீரியோ ஒரு கூறு தருவார்கள். விலை பேசவேண்டாம். நகரத்து விலையோடு பார்த்தால் அது ஏற்கெனவே குறைவு. வலை இழுக்கக் கைகொடுத்தால் சிலவேளை காசே வாங்கமாட்டார்கள். ஆனால் அந்த நோக்கத்தோடு கயிற்றைப் பிடித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பச்சை மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். சாப்பாட்டுக் கடையில் கொடுத்துப் பொரித்துத் தரச்சொல்லலாம், எண்ணெய்க்கும் கூலிக்கும் ஏதாவது கொடுங்கள். கருவாட்டைக் கடைசி நாளில் வாங்குங்கள். நாங்கள் நாலாம் நாள் வாங்கினோம். மிச்ச நாள் முழுக்க பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

கல்யாணம் கட்டாத சோடிக்கு அறை குடுப்பினமோ?

சில இடத்தில் கொடுப்பார்கள், பல இடத்தில் மாட்டார்கள். அடையாள அட்டை எல்லா இடமும் கேட்பார்கள். வீட்டோடு சேர்ந்த விடுதி என்றால் திருமணப் பதிவையும் கேட்கலாம். கட்டிய எங்களுக்கே இது நடந்தது. பயணம் என்பதால் தாலிக்கொடியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன். விடுதி அம்மா என் கழுத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ‘பிள்ளையள் வீட்டிலை சொல்லிப்போட்டோ வந்தனியள்?’ என்றார். போனில் கல்யாணப் படத்தைக் காட்டினேன். படத்தில் சேலை நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுத் திறப்பைத் தந்தார்.

கட்டாதவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு அறை எடுங்கள், செலவு கூடும்தான். அண்ணன் தங்கச்சி என்று பொய் சொல்லவேண்டாம். இது சின்ன ஊர், பேச்சுக் கொடுத்து மூன்றாம் கேள்வியில் உங்கள் அம்மாவின் ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போட்டிலை வாறம். அனுமதி எடுக்க வேணுமோ? ட்ரோன் கொண்டுவரலாமோ?

வடக்குக்கு வருவதற்கு வெளிநாட்டவர்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்கும் முறை 2015 தையில் நீக்கப்பட்டது. பாஸ்போட்டைக் கையில் வைத்திருங்கள், அது போதும். ட்ரோனுக்கு அனுமதி வேண்டும், இல்லையென்றால் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். முகாம், காவலரண், கடற்படைத் தளம் எதையும் படமெடுக்காதீர்கள். பஸ் யன்னலாலும் எடுக்காதீர்கள்.

முள்ளிவாய்க்கால் கரையிலை போய்ப் பொழுதுபோக்கிறது சரியோ?

இதை மச்சாள்தான் கேட்டாள், கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். முல்லைத்தீவுக் கரை முழுக்கவே 2004 மார்கழி 26 இல் சுனாமி அள்ளிய கரை. வட்டுவாகலிலிருந்து மாத்தளன் வரையான துண்டு 2009 இல் எங்கள் சனம் கடைசியாக அடைபட்டு நின்ற இடம். இவருடைய வீட்டிலும் அந்த மணலில் போன ஒருவர் உண்டு. நாங்கள் அங்கே போகிறோம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நடக்கிறோம், திரும்புகிறோம். குளிப்பதில்லை, சாப்பாட்டுப் பொதி அவிழ்ப்பதில்லை. மணலில் துணித்துண்டு, பாத்திரம், செருப்பு எது கிடந்தாலும் எடுப்பதில்லை. வன்னியில் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லமுடியாது. 2023 இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோதுதான் மனித எச்சங்கள் வெளிப்பட்டன.

அதற்காக அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அங்கே திரும்பவும் ஆட்கள் இருக்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், பிள்ளைகள் கரையில் பந்தடிக்கிறார்கள். கடையில் தேத்தண்ணி குடியுங்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். மே 18 இல் போவதென்றால் சுற்றுலாவை வேறு கிழமைக்கு மாற்றிவிட்டு நினைவுகூரலுக்கு மட்டும் போங்கள். அன்று அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சி தருவார்கள், வாங்கிக் குடியுங்கள்.

எட்டு நாள் ஒண்டாத் திரிஞ்சா சண்டை வராதோ?

வந்தது. மூன்றாம் நாள் அளம்பிலில். குறுக்குவழி என்று இவர் காட்டிய பாதை ஒரு வளவுக்குள் போய் முடிந்தது. வெயில், தண்ணீரும் தீர்ந்துவிட்டது. நான் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். பக்கத்தில் இளநீர் விற்ற ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு இளநீரை வெட்டி இரண்டு குழல் போட்டுக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அதற்குக் காசு கொடுக்க வேண்டியது அன்று பேர்ஸ் வைத்திருந்த நான்.